பெண்கள் பக்கத்துக்கு ஒரு லென்ஸ்

மரியே வாழ்க

ஆம்பூர்,
7 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரிசில்லா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கை நடுக்கம் நின்றதா? அந்த இல்லத்தில் போன் தர மாட்டார்கள், கடிதம் மட்டும் கொடுப்பார்கள் என்று அம்மா சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். எழுதினால் வருகிறது.

உன்னை வேனில் ஏற்றிய அன்று நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். வெளியே வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அம்மா, "ஜீவா திருப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். கோவிலில் சாமியாரிடமும் அதையே சொன்னாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது என்ன செய்வாளோ.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேமரா பாடி பத்திரமாக இருக்கிறது. லென்ஸ்தான் இல்லை. நீ விற்றதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை, நிலைமையைச் சொல்கிறேன். பஜாரில் போட்டோ கடை வைத்திருக்கும் அப்துல் வஹீத் பாய் ஒரு பழைய கிட் லென்ஸை, புதுக் கேமராவோடு சேர்ந்து வருமே அதை, இரவல் கொடுத்திருக்கிறார். பதினெட்டு – ஐம்பத்தைந்து. ஜூம் வளையம் பாதியில் சிக்குகிறது. அழுத்திச் சுற்றினால் ஆட்டம் கண்டுவிடுகிறது.

எனக்கு வேலை வருகிறது, அண்ணா. நீ நிக்காஹ் வீடுகளில் ஆண்கள் பக்கம் எடுக்கும்போது உனக்குப் பை தூக்கிக்கொண்டு வருவேனே, அப்போது ஒருநாள் "பெண்கள் பக்கம் நான் போக முடியாது, நீ போய் நாலு படம் எடுத்துட்டு வா" என்று உள்ளே அனுப்பினாயே. அந்த நாலு படத்தைப் பார்த்தவர்கள் இப்போது என்னையே கூப்பிடுகிறார்கள். பெண்கள் பக்கத்துக்குப் பெண் வேண்டும். இந்த ஊரில் கேமரா பிடிக்கத் தெரிந்த பெண் வேறு யாரும் இல்லை போலிருக்கிறது.

நவம்பர் பத்தாம் தேதி சைரா அக்காவுக்கு நிக்காஹ். நம் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டு சைரா அக்கா. அவர்கள் பக்கம் நான்தான் எடுக்கப் போகிறேன். அதற்குள் எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி, விலை கட்டுப்படியாகிற மாதிரி ஒரு லென்ஸ் வாங்க வேண்டும். பாய் கடையில் மூன்று இருக்கின்றன. நல்ல நிலையில் இன்னொரு கிட் லென்ஸ். தூரம் வரை இழுக்கும் பதினெட்டு – நூற்றி நாற்பது. வேறு கம்பெனி பதினேழு – ஐம்பது, அது 2.8, குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும். மூன்றும் கைமாறி வந்தவை. எதை எடுக்கட்டும்?

இது சரியாக அமைந்தால் ஷூவின் மேல்தோல், அந்த அப்பர், தைப்பதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஊசி குத்திக் குத்தி என் கட்டைவிரல் இருக்கும் நிலையைப் பார்த்தால் நீயே சொல்வாய்.

உன் அன்புத் தங்கை,
பிரிசி

---

ஆலங்காயம்,
15 அக்டோபர் 2024

என் ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கே வேறு படிக்க ஒன்றும் இல்லை, அதனால் ரொம்பப் பெருமைப்படாதே.

கை நடுக்கம் கம்மி. சாப்பாடு உப்பில்லாமல் இருக்கிறது. காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். எதிரே மலை. காட்டுப் பக்கத்திலிருந்து மயில் கத்துகிறது. ஒரு கேமரா இருந்தால் எடுத்திருப்பேன் என்று நினைக்காத நாள் இல்லை. நான் விற்றது லென்ஸ் மட்டும் இல்லை என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கும்போது புரிகிறது. அதை விடு.

இங்கே ஒரு சட்டம். பேர் மட்டும்தான் சொல்லலாம். தெரு, சாதி, வீட்டுக்காரர் யார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. வெளியே போனதும் இவனை அங்கே பார்த்தேன் என்று யாரும் யாரையும் சொல்லக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் பேச என்ன இருக்கிறது சொல்? எல்லாரும் அவரவர் குடித்த கதையையே சொல்கிறார்கள்.

லென்ஸுக்கு வருவோம். யோசிக்கவே வேண்டாம், பதினெட்டு – நூற்றி நாற்பது எடு. கல்யாண வேலைக்கு அதுதான். மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றுகொண்டே மேடையில் மாப்பிள்ளை முகத்தைப் பிடிக்கலாம். யாரிடமும் "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்ல வேண்டாம். உன்னை மாதிரி வெட்கப்படுகிறவளுக்குத் தூரத்தில் நிற்கிற லென்ஸ்தான் தெய்வம். 2.8 எல்லாம் பெரிய ஸ்டுடியோக்காரன் காட்டுகிற சோக்கு. வெளிச்சம் போதவில்லை என்றால் ஃப்ளாஷை மேலே கூரைப் பக்கம் திருப்பிவிடு, மெத்தென்று விழும். நான் சொல்லிக் கொடுத்தேன் அல்லவா?

பாய் வாயைத் திறந்ததும் தலையாட்டாதே. நீ பேரம் பேச மாட்டாய், தெரியும். சும்மா நின்று லென்ஸையே பார்த்துக்கொண்டிரு. அவரே குறைப்பார்.

அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்.

உன் அண்ணன்,
ஜீவா

---

ஆம்பூர்,
23 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்ன மாதிரி பாய் கடையில் சும்மா நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "இன்னாம்மா, லென்ஸை வேண்டிக்கினு நிக்கிறியா?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் விலை குறைந்தது.

அண்ணா, கோபிக்காதே. நீ சொன்ன நூற்றி நாற்பது எனக்கு ஆகாது. நீ பெண்கள் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. அங்கே மேடையும் கிடையாது, கடைசி வரிசையும் கிடையாது. போன வாரம் ஒரு நிச்சயத்துக்குப் போனேன். மாடியில் ஓர் அறை. நம் வீட்டுக் கூடம் மாதிரி இரண்டு மடங்கு இருக்கும், அவ்வளவுதான். தரையில் ஜமக்காளம் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் வேறு. ஜன்னலுக்கெல்லாம் துணி கட்டியிருக்கிறது. ஒரே ஒரு டியூப் லைட். நான் சுவரோடு ஒட்டி நின்றால்கூடப் பெண்ணின் முழங்கால் என் காலில் இடிக்கிறது. நூற்றி நாற்பதை வைத்துக்கொண்டு நான் யாருடைய மூக்கை எடுப்பது?

ஃப்ளாஷை மேலே திருப்பினேன். கூரைக்குப் பச்சை பெயிண்ட். படத்தில் எல்லார் முகமும் பச்சை. ஒரு அம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, எங்கள எல்லாம் பாசி பிடிச்ச மாதிரி எடுத்திருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுத்தேன், கிட் லென்ஸில் எல்லாம் ஆடிப்போய்விட்டது.

அதனால் எனக்கு வெளிச்சம் ஜாஸ்தி வாங்குகிற லென்ஸ்தான் வேண்டும். பதினேழு – ஐம்பது. தூரம் எனக்குத் தேவையில்லை. உள்ளே இருக்கும்போது எனக்கு வெட்கமும் இல்லை, அது ஏன் என்று தெரியவில்லை. அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் பக்கத்தில் இருக்கிறேன். அவ்வளவுதான்.

பாய் அந்த லென்ஸைக் கொடுத்துவிட்டார். நிக்காஹ் முடியும் வரை வைத்துப் பார், பிடித்தால் எடு, இல்லையென்றால் திருப்பிக் கொடு என்கிறார்.

சைரா அக்காவின் அம்மா, அவர் அம்மி என்று கூப்பிடுவாரே, கூப்பிட்டனுப்பியிருந்தார். ஒரு புது மெமரி கார்டைக் கையில் கொடுத்து, "இதுலதான் எடுக்கணும். முடிஞ்சதும் எங்கிட்டயே குடுத்துட்டுப் போவணும். வீட்டுக்குக் கொண்டுபோய் கம்ப்யூட்டர்ல போடறது, அண்ணன்கிட்ட காட்டறது எல்லாம் கூடாது. எங்க பொண்ணுங்க முகம் வெளிய போவக் கூடாது, சரியாம்மா?" என்றார். சரி என்றேன். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். அது போனால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

உன் அன்புத் தங்கை,
பிரிசி

---

ஆலங்காயம்,
31 அக்டோபர் 2024

பிரிசி பாப்பாவுக்கு,

தோற்றேன். பதினேழு – ஐம்பதே எடு. இத்தனை வருஷம் கல்யாணம் எடுத்திருக்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பச்சைக் கூரைக் கதையை இங்கே சொன்னேன், ஒரு வாரமாக எல்லாரும் ஒருவரை ஒருவர் "பாசி" என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒன்று. கைமாறிய லென்ஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே என்ன என்று தெரியாது. எப்போதோ கீழே விழுந்திருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கும். அப்படி இருந்தால் படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கும். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது. பிரிண்ட் போட்டால்தான் தெரியும்.

செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, 2.8-இல் வைத்து, நேர் எதிரே நின்று எடு. நாலு மூலையும் பார். அது பாதிச் சோதனை. மீதி, நீ வேலை செய்யப்போகிற அதே அறையில், அதே வெளிச்சத்தில், இரண்டு பேரை இரண்டு ஓரத்தில் உட்காரவைத்து எடு. பெரிய அளவில் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பாயிடம் பணம் கொடுக்காதே.

எனக்கும் கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

அண்ணன்,
ஜீவா

---

ஆம்பூர்,
14 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. எவ்வளவு நன்றாக என்றால், முடிந்து படி இறங்கும்போதுதான் நான் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெரிந்தது. சைரா அக்காவின் அம்மி பிரியாணி கட்டிக் கொடுத்தனுப்பினார். அம்மா சாப்பிட்டுவிட்டு, "உன் அண்ணனுக்கு இது ரொம்ப பிடிக்கும்" என்று ஆரம்பித்தாள். அப்புறம் வழக்கம்போல அழுகை.

கார்டை அங்கேயே கொடுத்துவிட்டேன். மறுநாள் பாயின் கடையில் பாயின் வீட்டம்மா மெஷினில் உட்கார, சைரா அக்காவின் அம்மி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பிரிண்ட் போட்டு வாங்கிப் போனாராம். பெண்கள் படம் என்றால் பாய் எழுந்து வெளியே போய்விடுவார்.

இத்துடன் மூன்று பிரிண்ட் இருக்கின்றன. முதலாவது செய்தித்தாள். இரண்டாவது அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும், நம் வீட்டில் எடுத்தது. இரண்டிலும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது அந்த அறையில் எடுத்தது.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் சாப்பிடப் போன நேரம், சைரா அக்காவும் அவர்களுடைய சித்தி பெண்ணும் மட்டும் இருந்தார்கள். என்னுடைய கார்டைப் போட்டுக்கொண்டு, "லென்ஸ் நல்லா இருக்கான்னு பாக்கணும், ஒன்னே ஒன்னு எடுத்துக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன். நானாக வாயைத் திறந்து கேட்டதே அதிசயம் என்று அக்கா சிரித்தார். "எடுத்துக்கோ. பாத்துட்டு அழிச்சிடணும், அம்மிக்குத் தெரிஞ்சா என்னத் தோல உரிச்சிடுவாங்க" என்றார். அந்தச் சிரிப்பிலேயே எடுத்தேன். தலையிலிருந்து முக்காடு சரிந்துவிட்டது, அவர் கவனிக்கவில்லை. பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானே மெஷினில் போட்டேன்.

இதை உனக்கு அனுப்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். வெறும் சோதனைக்கு என்றால் இரண்டாவது படமே போதும். உண்மையைச் சொன்னால், நான் எடுத்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. நீ பார்க்க வேண்டும் என்று ஆசை. உன்னைத் தவிர யாரிடம் காட்டுவேன்? கார்டில் அழித்துவிட்டேன். நீயும் பார்த்துவிட்டு உடனே கிழித்துப் போட்டுவிடு. யாரிடமும் காட்டாதே.

உன் அன்புத் தங்கை,
பிரிசி

---

ஆலங்காயம்,
22 நவம்பர் 2024

பிரிசி கண்ணுக்கு,

முதலில் லென்ஸ். நீ சந்தேகப்பட்டது சரி. மூன்று படத்திலும் இடது ஓரம் மங்கல். செய்தித்தாளில் வலது பக்கம் விளம்பரத்தின் போன் நம்பர் வரை படிக்க முடிகிறது, இடது பக்கம் தலைப்பே கரைந்துபோயிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே சைஸில் வேறு கேள். பாய் தருவார், அவர் வேண்டுமென்று ஏமாற்றுகிறவர் இல்லை.

அடுத்து, அந்த மூன்றாவது படம். என்ன சொல்வது? நான் பத்து வருஷம் எடுத்தேன், இப்படி ஒன்று எடுத்ததில்லை. அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்க்கிறது. எவனும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இதை வைத்து ஒரு நல்ல காரியமும் செய்தேன், கேள். எனக்கு அடுத்த கட்டிலில் உமர் ஃபாரூக் என்று ஒருவன். நம் ஊர்க்காரன்தான், தோல் வியாபாரி வீட்டு மூத்த பிள்ளை. அவன் சென்னையில், பெரியமேட்டில் தோல் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். எனக்குத் திருப்பூர், அவனுக்குப் பெரியமேடு! போன பத்தாம் தேதி முழுக்க அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதான். "இன்னிக்கி எந்தம்பிக்கு நிக்காஹ், தோஸ்த். கூடப் பொறந்தவன் நான் இங்க கெடக்கறேன்" என்றான். உன் கடிதம் வந்ததும் எனக்குப் பளிச்சென்றது. பெண் பேரைக் கேட்டேன், பெண் வீடு எங்கே என்று கேட்டேன். அதே நிக்காஹ்! மனசு கேட்கவில்லை. "அழாதடா, உன் தம்பி பொண்டாட்டியப் பாரு, ராணி மாதிரி இருக்குது" என்று எடுத்துக் கொடுத்தேன்.

ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தான். நெகிழ்ந்துபோய்விட்டான் போல. அதற்குள் மற்றவர்கள் "ஜீவா தங்கச்சி எடுத்ததாம், குடு குடு" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஆறு பேர் இருக்கும். கைக்குக் கை போனது. "பெரிய ஸ்டுடியோக்காரன் எடுத்த மாதிரி இருக்குதே" என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இங்கே வந்ததிலிருந்து என்னை யாரும் ஒரு மனுஷனாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கிழிக்கச் சொன்னாய். மனசு வரவில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அண்ணன்,
ஜீவா

---

ஆம்பூர்,
27 நவம்பர் 2024

அண்ணா,

அந்தப் படத்தை இன்றே கிழி. அவருடைய தம்பி மனைவியை முக்காடு இல்லாமல் அவரே பார்க்கக் கூடாது. அவரிடமே கொடுத்து, மற்றவர்களிடமும் கொடுத்தாயே. பத்து வருஷம் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனவன் நீ. உனக்கு இது தெரியாதா?

கிழித்துவிட்டு எனக்கு எழுது.

பிரிசி

---

ஆம்பூர்,
20 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

சைரா அக்காவைப் புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். உமர் ஃபாரூக் இல்லத்திலிருந்து வெளியே வந்து, படத்தைப் பார்த்ததை அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு மகன் எங்கே இருந்தான் என்று வெளியே சொல்ல முடியாது. அதனால் கதையை மாற்றிவிட்டார். "உங்க பொண்ணு முக்காடு இல்லாத போட்டோ பெரியமேட்டுல ஒரு ஆம்பள கையில இருந்துச்சு, எம் மூத்தவன் கண்ணால பாத்தான், அவளா குடுக்காம எப்படிப் போவும்?" என்று கேட்டிருக்கிறார். இப்போது ஊரில் சைரா அக்காவுக்குச் சென்னையில் யாரோ இருந்தான் என்று பேசுகிறார்கள். ஒரு மாதம்கூட அங்கே வாழவில்லை, அண்ணா.

முந்தாநாள் சைரா அக்காவின் அம்மி நம் வீட்டுக்கு வந்தார். நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தோம். அவர் உட்காரவில்லை. சத்தமும் போடவில்லை. "பிரிசில்லா, நீ கார்டை எங்கிட்டதான் குடுத்தே. நான் உன்ன சந்தேகப்படல. ஒரு படமாவது வெளிய போச்சா, அது மட்டும் சொல்லும்மா" என்றார்.

எனக்கு வாய் திறக்கவில்லை. ஊசி கையிலேயே இருந்தது. அம்மாதான், "எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லீங்க, அதுக்கு ஒன்னும் தெரியாது" என்றாள். அவர் என் தலையில் கை வைத்து, "தெரியும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உன் அண்ணன் அங்க இருக்கறது வெளிய தெரிஞ்சா நாளைக்கி அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வாயத் தொறக்காத" என்கிறாள்.

ஜனவரியில் ஜமாத் பெரியவர்கள் இரண்டு வீட்டையும் உட்காரவைத்துப் பேசப் போகிறார்களாம். உன்னை ஜனவரி முதல் வாரம் விடுவார்கள் என்று அம்மா சொன்னாள். அண்ணா, நீ நேராக இங்கே வா. அங்கே வந்து நடந்ததைச் சொல். என்னால் முடியாது. அத்தனை ஆண்கள் நடுவில் எனக்குக் குரலே வராது. நீ சொன்னால் உமர் ஃபாரூக்கும் ஒத்துக்கொள்வார். சைரா அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை என்று தெரிந்தால் போதும்.

படத்தைக் கிழித்தாயா? அதை எழுதவே இல்லையே.

உன் தங்கை,
பிரிசி

---

ஆலங்காயம்,
30 டிசம்பர் 2024

அன்புள்ள பிரிசிக்கு,

எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன்.

நான் வந்து சொல்ல முடியாது, பாப்பா. உமர் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்க இருந்தத வெளிய சொல்லிடாத, தோஸ்த்" என்றான். இங்கே அதுதான் சட்டம், எழுதினேனே. அதோடு அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு தடவை குடிகாரன் என்று பேர் எழுதிவிட்டால் அந்த ஊரில் எனக்கு யார் கல்யாண வேலை கொடுப்பான்?

ஒரு வழி இருக்கிறது. படம் பாய் கடை மெஷினில்தானே பிரிண்ட் போட்டது? கடையில் வேலை செய்கிறவன் எவனாவது இன்னொரு காப்பி எடுத்திருப்பான் என்று சொல்லிவிடு. பாய் பெரிய மனுஷன், சமாளித்துக்கொள்வார். நாலு நாள் பேஜார், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

படத்தைக் கேட்டாய். உன் கடிதம் வந்த அன்றே தேடினேன். தலையணைக்கு அடியில் இல்லை. அந்த வாரம் இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள், ஒருவன் நெமிலி, இன்னொருவன் வாலாஜாபேட்டை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

எனக்கு நாலாம் தேதி விடுதலை. ஊருக்கு வரவில்லை. ஓசூரில் ஒருவன் ஸ்டுடியோ வைக்கலாம், வா என்கிறான். இங்கே பழக்கமானவன்தான், நல்லவன். ஒரு உதவி செய். கேமராவை யார் கையிலாவது கொடுத்தனுப்பு. நீ வேறு லென்ஸ் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. இனிமேல் உனக்கு அங்கே வேலை வராது, அது வீட்டில் சும்மா கிடந்து என்ன ஆகப் போகிறது? நான் ஒரு வழிக்கு வந்தால் உன்னையும் அம்மாவையும் அழைத்துக்கொள்வேன். சத்தியம்.

அண்ணன்,
ஜீவா

---

ஆம்பூர்,
12 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

ஓசூர் முகவரியை நீ எழுதவில்லை. இல்லத்துக்கே அனுப்புகிறேன். அந்த ஸ்டுடியோக்காரரை அங்கே யாருக்காவது தெரிந்திருந்தால் சேர்ப்பார்கள்.

இன்று காலை சைரா அக்கா வீட்டில் பேச்சு நடந்தது. அம்மா பூசைக்குக் கிளம்பும்போது, "நீ அங்க போனே, நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றாள். நான் போனேன். அம்மா இருக்கிறாள். ஆனால் என்னோடு பேசவில்லை.

பின்வாசல் வழியாகத்தான் போனேன். பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள், நடுவில் திரை. சைரா அக்காவின் மாமியாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் பெரியவர்கள் நாலு பேர், மாப்பிள்ளை, உமர் ஃபாரூக். நான் திரையை விலக்கிக்கொண்டு கூடத்தில் போய் நின்றேன். "யாரும்மா நீ?" என்றார் ஒரு பெரியவர்.

"போட்டோ எடுத்தது நான்தாங்க" என்றேன். அதற்கு மேல் கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு வந்தது. "லென்ஸ் சரியா இருக்கான்னு பாக்க ஒரு படம் என் கார்டுல எடுத்தேன். அக்கா அழிக்கச் சொன்னாங்க. நான் பிரிண்ட் போட்டு எங்க அண்ணனுக்கு அனுப்பிட்டேன். எங்க அண்ணன் திருப்பூர்ல இல்ல. ஆலங்காயத்துல குடிய நிறுத்தற இல்லத்துல இருந்தான். அங்கதான் இவரு அதப் பாத்தாரு. பெரியமேட்டுல இல்ல."

உன் கடிதம் என் மடியில் இருந்தது, கேட்டால் காட்டலாம் என்று. காட்ட வேண்டியிருக்கவில்லை. "இன்னாப்பா, இந்தப் பொண்ணு சொல்றது?" என்று பெரியவர் உமர் ஃபாரூக்கைக் கேட்டதும் திரைக்குப் பின்னாலிருந்து உமர் ஃபாரூக்கின் அம்மா, "அது பொய் சொல்லுது" என்றார். உமர் ஃபாரூக் தலையைத் தூக்கவில்லை. "இல்லம்மா. நான் அங்கதான் இருந்தேன். குடிச்சிட்டுதான் போனேன்" என்றார். பிறகு, "என்னோட இன்னும் ஆறு பேரு பாத்தாங்க" என்றும் சொன்னார். மறைக்காமல் சொல்லிவிட்டார். நீ யாருக்காக வாயை மூடிக்கொண்டாயோ, அவர்.

சைரா அக்கா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று பெரியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாப்பிள்ளை, "குத்தம் இல்ல. ஆனா ஆறு பேரு பாத்தத நான் எப்படி மறக்கறது?" என்று எழுந்து போய்விட்டார். பின்னாலேயே அவர்கள் வீட்டாரும் போனார்கள். யாரும் அக்காவைக் கிளம்பு என்று சொல்லவில்லை. அக்கா அறையை விட்டு வெளியே வரவே இல்லை. நான் வந்தது தெரியும், என் குரலைக் கேட்டிருப்பார்.

வஹீத் பாய் பேரை நான் எடுக்கவில்லை. அவர் கடையில் ஒரு தப்பும் நடக்கவில்லை. அந்த லென்ஸை அவரிடம் திருப்பிக் கொடுத்து ரொம்ப நாள் ஆகிறது. வேறு ஒன்று எடுத்து வைத்திருந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். தை மாதம் வரை ஒத்துக்கொண்ட நாலு வீட்டிலும் இந்தப் பேச்சு கிளம்பியதுமே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பர் மூட்டை வாரம் இரண்டாக வருகிறது.

கேமராவை அனுப்ப மாட்டேன். நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சைரா அக்காவின் அம்மி வாசல் வரை வந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை. "நடந்தத சொல்லிட்டே. அந்தப் போட்டோ இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீ எங்கே இருந்தாய் என்று இப்போது தெருவில் எல்லாருக்கும் தெரியும். சொன்னது நான்தான். இதற்காக நீ என்னை வெறுத்தாலும் சரி.

ஓசூரில் ஸ்டுடியோ வைப்பதற்கு முன்னால் நெமிலிக்குப் போ. அங்கே இல்லையென்றால் வாலாஜாபேட்டைக்குப் போ. அவர்கள் பேர் உனக்குத் தெரியும், வீடு தெரியாவிட்டால் விசாரி. அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வந்து சைரா அக்காவின் அம்மி கையில் நீயே கொடு. கிழித்துவிட்டேன் என்று எழுதாதே, நான் நம்ப மாட்டேன். தபாலிலும் அனுப்பாதே.

அது கிடைக்காமல் வீட்டுக்கு வராதே. அம்மா கதவைத் திறப்பாள். நான் திறக்க விட மாட்டேன்.

தே. பிரிசில்லா